லாரிக்கு வைத்த விருந்து

ஆடு வெட்டாமல் லாரி வாங்கியவன் கிர்கிஸ் மண்ணில் இன்னும் பிறக்கவில்லை.

தையல் மிஷின் வாங்கினாலே நாலு பேர் வந்து, "விருந்து எப்போ?" என்று வாசலில் உட்கார்ந்துகொள்ளும் நாடு இது. பழைய கார் வாங்கினவன் ஆடு வெட்டியே தீர வேண்டும். இருபது டன் நிலக்கரி ஏற்றும் லாரியை வாங்கிவிட்டு ஒருவன் கமுக்கமாக இருந்தான் என்றால், அவன் பேரன் காலத்திலும் அந்தக் குடும்பத்துக்குக் கஞ்சன் வீடு என்றுதான் பெயர்.

இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஜூரா அக்கா தோ-ஆஷு கணவாயைத் தாண்டி சூசமிர் சமவெளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். முன்னாள் போக்குவரத்து போலீஸ் இன்ஸ்பெக்டர். இப்போது வக்கீல்களுக்காக மோப்பம் பிடிக்கிற வேலை. வாயில் எந்நேரமும் ஒரு காய்ந்த தயிர் உருண்டை. கார் ஓட்டியவன் அவளுடைய உதவியாளன் குபாத். முன்பு டாக்சி ஓட்டினான். வயிறு ஸ்டியரிங்கைத் தொடும், நாக்கு அதற்கும் முன்னால் போகும்.

பின் இருக்கையில் ஜிபெக். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள்.

ஏப்ரல் கடைசியில் இதே கணவாய் இறக்கத்தில்தான் ஒரு நிலக்கரி லாரி பிரேக் பிடிக்காமல் வந்து மினிபஸ்ஸில் மோதியது. ஜிபெக்கின் கணவன் எர்மெக் அங்கேயே போய்விட்டான். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கணவனைப் புதைத்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். இப்போது ஜூன் முடியப் போகிறது. வளைவு வந்ததும் ஜிபெக் கண்ணை மூடிக்கொண்டதைக் குபாத் கண்ணாடியில் பார்த்தான். எந்த வளைவு என்று அவன் கேட்கவில்லை.

"ஜூரா அக்கா, திங்கக்கிழமை கோர்ட்டு. எனக்கு என்னதான் வழின்னு இன்னொரு தடவை சொல்லுங்க. வக்கீல் சொல்றது தலையில நிக்க மாட்டேங்குது" என்றாள் ஜிபெக்.

"மூணு வழி. ஒண்ணு, கம்பெனி முதலாளி எசென்பாய் அனுப்பின குதிரையை வாங்கிக்கிட்டு, 'எங்களுக்கு யார்மேலயும் புகார் இல்ல'ன்னு கையெழுத்துப் போடுறது."

"குதிரையை அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

"ரெண்டாவது, டிரைவர் அசில்பெக்மேல நஷ்டஈட்டு வழக்கு. கண்டிப்பா ஜெயிப்ப. அவன் ஜெயில்ல கையுறை தைச்சு மாசாமாசம் அனுப்புவான். அதுல உன் ஊன்றுகோலுக்கு அடி ரப்பர் வாங்கலாம். மூணாவது, லாரியோட சொந்தக்காரன்மேல வழக்கு. தப்பு டிரைவர்மேல இருந்தாலும் சரி, பிரேக்மேல இருந்தாலும் சரி, லாரி யாருதோ நஷ்டம் அவன் தலையில. உனக்குச் செயற்கைக் கால், புள்ளைங்க வளர்ற வரைக்கும் மாசச் சம்பளம் மாதிரி ஒரு தொகை. எல்லாம் அவன்தான் குடுக்கணும்."

"ஆனா லாரி எங்களுது இல்லேங்கிறாங்களே!"

"அதான். பிப்ரவரியிலேயே டிரைவருக்கு வித்துட்டோம்னு பத்திரம் காட்டுறான் எசென்பாய்."

குபாத்துக்குப் பொறுக்கவில்லை. "விபத்துக்கு அப்புறம் முன்தேதி போட்டு எழுதினதுன்னு நமக்குத் தெரியும். ஆனா கோர்ட்டுக்கு என்ன காட்டுறது? அக்காவோட மூக்கையா? மூக்கைச் சாட்சிக் கூண்டுல ஏத்தினா தும்மும்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா. லாரி வாங்கினவன் விருந்து வெச்சிருக்கணும். வெக்கலைன்னா ஊரே நமக்குச் சாட்சி."

அசில்பெக்கின் ஊரில் ஒரு தெரு, ஒரு கடை, நிறைய காற்று. "எனக்கு அந்த வீட்டு வாசப்படி வேணாம், நான் வண்டியிலேயே இருக்கேன்" என்றாள் ஜிபெக். அவள் இங்கே வந்ததே பிடிவாதம் பிடித்துத்தான். என் புருஷனைக் கொன்றவன் எந்த மண்ணில் நடக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்று காரில் ஏறி உட்கார்ந்தவளை ஜூராவால் இறக்க முடியவில்லை.

ஊர்த்தலைவர் மம்பெத் கடை வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி, புது பூட்ஸ். காரைப் பார்த்ததும் எழுந்த வேகமே சொல்லிற்று, யாரோ முன்னாலேயே போன் போட்டிருக்கிறார்கள்.

"விருந்தா? நடக்காம இருக்குமா தாயி! பிப்ரவரி மாசம். முழங்கால் பனி. எங்க அசில்பெக் லாரி வாங்கிட்டு ரெண்டு ஆடு வெட்டினான். ஊரே சாப்பிட்டுது."

ஜூராவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தயிர் உருண்டையை மட்டும் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

கடைக்காரனைக் கேட்டார்கள். "பிப்ரவரி. முழங்கால் பனி. ரெண்டு ஆடு." எதிர்வீட்டுக்காரனைக் கேட்டார்கள். அவனும் அதே பனியில் அதே இரண்டு ஆட்டைத் தின்றிருந்தான். பொய் சொல்கிறவன் முகம் இப்படி மினுங்காது. ஆட்டைப் பற்றிப் பேசும்போது எதிர்வீட்டுக்காரனின் தொண்டை ஏறி இறங்கியதைக் குபாத் தன் கண்ணாலேயே பார்த்தான். விருந்து நடந்தது நிஜம்.

"போச்சு" என்றான் குபாத், அக்காவின் காதில். "நாம தேடி வந்த விருந்து, நம்மளத் தவிர எல்லாருக்கும் கிடைச்சிருக்கு. ஆனா ஒண்ணுக்கா, இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே முழங்காலா? ஒருத்தனாவது இடுப்பளவுன்னு சொல்லக் கூடாதா?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். காருக்குத் திரும்பிப் போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? மூன்றாவது வழி அடைத்துவிட்டது, கையுறைக் காசை வாங்கிக்கொள் என்றா?

"நல்ல விருந்துன்னு சொல்லுங்க" என்றாள் ஜூரா மம்பெத்திடம், சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல.

"அப்படி ஒரு விருந்து! எசென்பாய் முதலாளியே பிஷ்கெக்கிலிருந்து நேர்ல வந்தார். எங்க அசில்பெக் தோள்ல வெல்வெட் அங்கி போத்தினார். சின்னப் பயலுக்கு என்ன மரியாதை!"

ஜூரா குபாத்தின் கையைக் கிள்ளினாள்.

"வலிக்குது அக்கா."

"அங்கி யார் யாருக்குடா போத்துவாங்க?" என்றாள் மெதுவாக, தெருவில் நடந்தபடி.

"விருந்து வெக்கிறவன் வந்த விருந்தாளிக்குப் போத்துவான்."

"லாரி வாங்கினவன் அசில்பெக். ஆடு வெட்டினவன் அவன். அப்போ அவன்தானே முதலாளிக்கு அங்கி போத்தணும்?"

குபாத் நின்றுவிட்டான். "அப்போ விருந்து எசென்பாயோடது. தன் லாரியை வித்ததுக்கு எவனாவது தானே ஆட்டையும் வெட்டி, அங்கியும் போத்துவானா?"

"அங்கியைப் போத்தி அவன்கிட்ட ஏதோ பெருசா கேட்டு வாங்கியிருக்கான் எசென்பாய். ஆனா இது கோர்ட்டுக்குப் போதாது. முதலாளிக்குப் பெரிய மனசுன்னு அவன் வக்கீல் சிரிச்சுட்டுப் போயிடுவான். நட. அசில்பெக் வீட்டைப் பாப்போம்."

அசில்பெக் ஊரில் இல்லை, மேல் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லியபடியே மம்பெத்தும் கூடவே வந்தார். நிழல்கூடக் கொஞ்சம் தள்ளி வரும், அவர் வரவில்லை.

வீட்டு முற்றத்தில் ஒரு குதிரைக்குட்டி தரையோடு இழுத்துக் கட்டிய கயிற்றில் நின்றது. பிடரி மயிர் இன்னும் பஞ்சாகவே இருந்தது. குபாத்தின் சட்டைக் கையை அது சப்ப ஆரம்பித்தது. "இந்த ஊர்ல என்னைப் புடிச்ச ஒரே ஆள் இவன்தான்" என்றான் அவன்.

அசில்பெக்கின் அண்ணி உல்கான் வெளியே வந்தாள். ஐம்பது வயது, சுடுதண்ணீர் மாதிரி ஆள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், பயமும் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கிண்ணம் நீட்டாமல் பேச அவளுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு கிண்ணம் குமிஸ் ஊற்றினாள். தோல்பையில் அடித்துப் புளிக்க வைத்த குதிரைப்பால், நுரை ததும்ப நின்றது.

"விருந்து பிப்ரவரியிலதான்" என்று அவளாகவே ஆரம்பித்தாள். "முழங்கால் பனி..."

"தெரியும் அண்ணி, எங்க முழங்காலுக்கே குளிர் வந்துடுச்சு" என்றான் குபாத்.

உல்கான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கார்ல யாரு? ஒரு பொம்பளைய வெயில்ல போட்டுட்டு நீங்க இங்க குடிக்கிறீங்களா? நல்ல ஜனங்கப்பா!" ஜூரா தடுப்பதற்குள் இன்னொரு கிண்ணத்தோடு தெருவுக்குப் போய்விட்டாள்.

குபாத் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். ஜூரா கண்ணாலேயே அவனை உட்கார வைத்தாள்.

உல்கான் திரும்பி வந்தபோது கிண்ணம் அப்படியே நிறைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. "வாங்கலை. 'உங்க வீட்டுது எதுவும் என் வாயில படாது'ன்னு சொல்றா. கால் இல்லாத பொண்ணாச்சேன்னு வாயை மூடிட்டு வந்தேன். இல்லேன்னா கேட்டிருப்பேன். என் குமிஸுல என்ன விஷமா இருக்கு?"

கிர்கிஸ் பெண்ணை எதைச் சொல்லித் திட்டினாலும் ஒரு நாள் மறந்துவிடுவாள். அவள் நீட்டிய குமிஸைத் தள்ளினால் மறக்கமாட்டாள். வேறு எங்காவது இருந்தால் ஜூரா சமாதானம் சொல்லியிருப்பாள். இங்கே அவள் தன் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொருத்தர் கைக்கு ஒவ்வொரு ருசி அண்ணி. பட்டணத்துப் பொண்ணு, நல்ல குமிஸா குடிச்சுப் பழகியிருப்பா."

குபாத் திகைத்துப்போனான். அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

"நல்ல குமிஸா?" உல்கானின் குரல் முற்றத்தைத் தாண்டியது. "என்னுது நல்ல குமிஸ் இல்லையா? எசென்பாய் முதலாளியைக் கேளு! அந்த விருந்துல மூணு கிண்ணம் குடிச்சார். மூணு! ஆட்டுக்கறியத் தொடக்கூட இல்ல. 'அண்ணி, சூசமிர் முழுக்க இப்படி ஒரு குமிஸ் கிடையாது'ன்னு சொல்லி, பொண்டாட்டிக்கு ரெண்டு பாட்டில்ல பிடிச்சுட்டுப் போனார்!"

"உல்கான்" என்றார் மம்பெத்.

"நீ இரு. இவ என் கையைக் குறை சொல்றா."

"பாட்டில்ல வாங்கின பழசா இருக்கும்" என்றாள் ஜூரா.

"பழசா! இந்த வருஷத்து முதல் தோல்பை! இதோ நிக்குதே இந்தக் குட்டி, இதோட தாய்ப்பால்தான். குட்டி போட்டு முதமுதல்ல கறந்து அடிச்சது. முதல் கிண்ணமே அந்த விருந்துலதான் ஊத்தினேன். ஊரே குடிச்சுது, கேட்டுப் பாரு!"

குட்டி குபாத்தின் சட்டைக் கையை விடாமல் சப்பிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பஞ்சுப் பிடரியைப் பார்த்தான். பிறகுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

"முழங்கால் பனியில" என்றான் நிறுத்தி நிறுத்தி, "எந்தக் குதிரை அண்ணி குட்டி போடும்?"

சூசமிரில் குதிரைகள் மே மாதம் குட்டி போடும். பால் கறப்பது அதற்கும் பிறகு. பனியில் குமிஸ் தேடுகிறவன் கோழியிடம் பால் கேட்கிறவன். தேதியைச் சொல்லிக் கொடுத்தார்கள், பனியைச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆட்டின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள். கிண்ணத்தில் என்ன இருந்தது என்று சொல்லிக் கொடுக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. தினமும் குடிக்கிறதை யார் கணக்கில் வைப்பார்கள்?

மம்பெத் சமாளிக்கப் பார்த்தார். "அது வந்து தாயி, போன வருஷத்து மிச்சம் கொஞ்சம்..."

"என்னது?" உல்கான் அவர் பக்கம் திரும்பினாள். "போன வருஷத்துக் கெட்டதை நான் விருந்துல ஊத்தினேன்னு சொல்றியா மம்பெத்?" கேட்ட பிறகுதான் அவள் வாய் நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து குமிஸ் மண்ணில் கொட்டியது.

"ஏப்ரல்ல லாரி மோதிச்சு" என்றாள் ஜூரா. குரலில் வெற்றி இல்லை. "மே கடைசியில விருந்து, ஊரைச் சாட்சியாக்க. விருந்துக்கு அப்புறம் பத்திரம். குட்டிக்கு என்ன வயசுன்னு கால்நடை டாக்டர் பல்லைப் பாத்துச் சொல்லிடுவார்."

"குட்டியைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றான் குபாத். "சத்தியப் பிரமாணம் மட்டும் கொஞ்சம் கஷ்டம்."

உல்கான் அவனைப் பார்க்கவே இல்லை. தெருவில் நின்ற காரைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு..."

"ஜிபெக். மினிபஸ்ல இருந்தவ. அவ புருஷன் பேரு எர்மெக்."

உல்கான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு சாமான் அறைக் கதவை நோக்கிப் போய், இரண்டு கையாலும் அதைத் தட்டினாள். "அசில்பெக்! வெளிய வாடா! அவ வாசல்ல வந்து ஒரு வாய் குமிஸ்கூடக் குடிக்காம உக்காந்திருக்கா. நீ மூட்டைக்குப் பின்னால உக்காந்திரு!"

"உல்கான், வேண்டாம்! முதலாளிக்குத் தெரிஞ்சா பையனோட குடும்பமே தெருவுல நிக்கும்!" மம்பெத் எழுந்துவிட்டார்.

கதவு திறந்தது. முப்பது வயதுக்காரன், தாடி மழிக்கவில்லை. தோளெல்லாம் மாவுத் தூசி. மேல் மேய்ச்சலில் இருந்திருக்க வேண்டிய அசில்பெக்.

"நான்தான் ஓட்டினேன். ஒத்துக்கிட்டேன்" என்றான் ஜூராவிடம். "ஜெயிலுக்கும் போறேன். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"எசென்பாய் என்ன சொல்லி உன்கிட்ட கையெழுத்து வாங்கினான்?"

"எப்படியும் நீ உள்ளதான் போகப்போற. லாரி யார் பேர்ல இருந்தாலும் அதே ஜெயில்தான், ஒரு நாள் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. பேரை மட்டும் வாங்கிக்கோ, உன் புள்ளைங்களை நான் படிக்க வைக்கிறேன்னார். ஊர் முன்னால அங்கி போத்தினார். வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"ஜெயில் ஒண்ணுதான் தம்பி. அதுல அவன் பொய் சொல்லலை. ஆனா சொந்தக்காரன் நீன்னா, அந்தப் பொண்ணோட காலும் அவ புள்ளைங்களோட சோறும் உன் கடன். ஜெயில்லயும் கடன், வெளிய வந்தாலும் கடன். உன் வீடு போகும், குதிரை போகும். அப்பவும் அவளுக்கு ஒரு கால் வாங்கக் காணாது. அவன் அங்கியைப் போத்தலை, அவன் சுமையை உன் தோள்ல மாத்தி வெச்சான்."

அசில்பெக் மம்பெத்தைப் பார்த்தான். மம்பெத் தன் புது பூட்ஸைப் பார்த்தார். அந்த பூட்ஸை யார் வாங்கிக் கொடுத்தது என்று குபாத் கேட்க நினைத்தான். கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

"பிரேக் சரியில்லன்னு ரெண்டு தடவை சொன்னேன்" என்றான் அசில்பெக். "இந்த ஒரு லோடு இறக்கிட்டு வா, பாக்கலாம்னார். நானும் வந்தேன். தெரிஞ்சுதான் வந்தேன்." மூச்சு வாங்கினான். "அவங்க வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போறேன்னு சொன்னேன். வக்கீல் விடலை. துக்கம் கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி, கம்பெனிக்கு ஆபத்துன்னார். ஒரு சாவு வீட்டுக்குக்கூடப் போகாதவனா ஆக்கிட்டாங்க என்னை."

ஜூரா அவனுக்கு வழியைக் காட்டவில்லை, மறிக்கவும் இல்லை. சற்று ஒதுங்கி நின்றாள்.

சாவு வீட்டுக்குப் போகும் ஆண் சும்மா போகக் கூடாது. தூரத்திலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு போக வேண்டும், ஊர் கேட்க வேண்டும். கேட்டவர்களெல்லாம் அதற்குச் சாட்சி. அசில்பெக் தன் வீட்டு வாசலைத் தாண்டிய உடனே குரல் எடுத்தான்.

"ஐயோ என் பொறப்பே! என் பொறப்பே! எர்மெக் அண்ணே!"

யாரும் சாகாத தெருவில் சாவுக் குரல். கதவுகள் திறந்தன. கடைக்காரன் வந்தான், எதிர்வீட்டுக்காரன் வந்தான். முழங்கால் பனியைப் பார்த்த எல்லாரும் கொளுத்தும் வெயிலில் வாசலில் நின்றார்கள். யார் செத்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் தொப்பியைக் கழற்றினான்.

அசில்பெக் காருக்கு முன்னால் முழங்காலில் விழுந்து அழுதான். குபாத் போனை எடுத்துப் பதிவு செய்யப் போனான். ஜூரா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கார்க் கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல்கள் வெளியே வந்தன, பிறகு ஜிபெக். உதவிக்கு ஓடிய குபாத்தைத் தலையை அசைத்து நிறுத்தினாள். காற்றில் பாவாடையின் இடது பக்கம் வெறுமையாக ஆடியது. அவள் உதடு துடித்தது. இறந்தவனின் மனைவி இந்தக் குரலுக்குப் பதிலாக ஒப்பாரி சொல்ல வேண்டும். அவள் இன்னும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவள் சொல்லவில்லை. அவன் அழுது ஓயும்வரை நின்றாள். கண்ணீர் கழுத்துவரை இறங்கியது, அதைத் துடைக்க ஒரு கை மிச்சமில்லை அவளுக்கு.

"லாரி யாருது?" என்றாள்.

"எசென்பாயோடது. என்னைக்கும் எனக்குச் சொந்தமில்ல, அக்கா."

"திங்கக்கிழமை நீதிபதி முன்னால சொல்லுவியா?"

"சொல்றேன் அக்கா."

"இப்ப என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்றாள் ஜிபெக். "அங்க சொல்லிட்டு, அப்புறம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கூப்பிடு. கதவைத் திறக்கிறதா வேணாமான்னு அப்ப யோசிக்கிறேன்."